உலோகச் செதில் கோத்து டிராகன் வால் செய்யணும் – எடை, பெல்ட், கம்பி பத்தி உதவி வேணும்

தையல்பொட்டி எழுதியது:

வணக்கம் மக்களே. சென்னைல இருக்கேன், கொஞ்ச வருஷமா காஸ்ப்ளே (பிடிச்ச கேரக்டர் மாதிரி வேஷம் கட்டறது) பண்றேன், இதுவரைக்கும் கவசம் கொம்பு றெக்கை எல்லாமே ஈவிஏ ஃபோம், தெர்மோபிளாஸ்டிக்னு தான் போயிருக்கு. 2024-ல காமிக் கான்ங்கற காமிக்ஸ் ரசிகர் விழா சென்னைக்கு வந்ததுக்கப்புறம் இங்கயே பெருசா ஏதாவது பண்ணணும்னு ஆசை வந்துருச்சு. இந்த தடவை நானே யோசிச்ச ஒரு டிராகன் பொண்ணு கேரக்டர், அதுக்கு வால் மட்டும் நிஜ உலோகத்துல வேணும். ஸ்கேல்மெயில்னு சொல்வாங்களே, இலை மாதிரி சின்ன சின்ன தகட்டுல ஒரு ஓட்டை போட்டு வளையத்தால கோத்துக்கிட்டே போறது, அது.

ஃபோம்ல செதில் வெட்டி ஒட்டி பெயின்ட் அடிச்சா போட்டோல நல்லா தான் இருக்கும், ஆனா நடக்கும்போது அந்த சத்தம் வராது, வெளிச்சம் பட்டு ஒவ்வொரு செதிலும் தனித்தனியா மின்னுறது வராது. அது ரெண்டும் தான் எனக்கு வேணும், அதனால "ஃபோம்லயே பண்ணிடுங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ்.

இடுப்புலேர்ந்து ஒரு 90 செமீ நீளம், அடில தொடை கனத்துக்கு, நுனில விரல் கனத்துக்கு வரணும். நடக்கும்போது இடது வலது ஆடணும், ஆனா தொங்கிப்போய் கால் நடுவுல வந்து இடிக்கக் கூடாது. நாள் முழுக்க போட்டுட்டு நிக்கணும்.

என் கேள்வி என்னன்னா எந்த உலோகம் எடுக்கறது, உள்ள என்ன வைக்கறது, இடுப்புல எப்படி பிடிக்கறது, அகலத்துலேர்ந்து நுனி வரைக்கும் எப்படி ஒல்லியாக்கிட்டே போறது. செதில் இங்கயே கிடைக்குமா இல்ல வெளிநாட்டுலேர்ந்து தான் வரவழைக்கணுமா. செயின்மெயில்ல, அதாவது செதில் இல்லாம வெறும் வளையத்த மட்டும் கோத்து பின்றதுல, ஒரு கை சங்கிலி செஞ்ச அனுபவம் மட்டும் தான், இடுக்கி பிடிக்கத் தெரியும், அவ்ளோதான்.

---

அட்டைக்கவசம் எழுதியது:

செதிலப் பத்தி கடைசில யோசிங்க. வால்னா முதல்ல உள்ள போற முதுகெலும்பும் பெல்ட்டும் தான், அது சரியா வந்துட்டா மேல என்ன போத்தினாலும் நிக்கும், அது சரியில்லன்னா எவ்ளோ அழகா கோத்தாலும் ஒரு மணி நேரத்துல கழட்டி கைல தூக்கிட்டு அலைவீங்க. நாடகத்துக்கும் ஈவென்ட்டுக்கும் ப்ராப் செய்யறவன்ங்கற முறைல இத ரொம்ப அழுத்தி சொல்றேன்.

கணக்கு இப்படி பாருங்க. அடி பெருசா நுனி சின்னதா இருக்கற வால்ல எடை மையம் அடிலேர்ந்து மூணுல ஒரு பங்குல விழும், 90 செமீக்கு சுமார் 30 செமீ. மொத்த வால் 2 கிலோன்னு வைங்க, அது நேரா பின்னாடி நீட்டிட்டு இருந்தா உங்க இடுப்புல 2 கிலோ மட்டும் இறங்காது, 30 செமீ தள்ளி நின்னு நெம்புது. பெல்ட்டுக்குப் பின்னாடி வர்ற பிடிமான தகடு 10 செமீ உயரம்னா அதோட கீழ் விளிம்பு உங்க முதுகு முடியற எலும்புல 6 கிலோ அளவுக்கு அழுத்தும், மேல் விளிம்பு அதே அளவுக்கு முதுக விட்டு பின்னாடி இழுக்கும். அதே தகட்ட 20 செமீ உயரம் ஆக்குங்க, அழுத்தம் 3 கிலோவா பாதியாகிடும். எடைய ஒரு கிராம் கூட குறைக்காம கிடைக்கற நிம்மதி இது. அதனால அகலமான பெல்ட் மட்டும் போதாது, பின்னாடி முதுகு வளைவுக்கு வளைச்ச ஒரு தகடு வேணும், 2 மிமீ அலுமினியமோ சூடு காட்டி வளைச்ச பிவிசி பைப் துண்டோ எதுவானாலும் சரி, உள்பக்கம் 10 மிமீ ஃபோம் ஒட்டி மேல பருத்தித் துணி. மேல் விளிம்புலேர்ந்து ரெண்டு பட்டை தோள் வழியா முன்னாடி வந்து பெல்ட்ல சேரணும், அந்த மேல் விளிம்பு பின்னாடி சாயறத தடுக்கறது இது தான். காஸ்ட்யூமுக்கு உள்ள மறைச்சிடலாம்.

இன்னொன்னு, வால் நேரா பின்னாடி நீட்டவே வேணாம். பிடிமானத்துலேர்ந்து கீழ்நோக்கி சரிஞ்சு இறங்கற மாதிரி வைங்க, நெம்பறது குறையும், பாக்கவும் உயிர் இருக்கும்.

இப்போ வாலோட முதுகெலும்பு. பலபேர் உள்ள அலுமினியக் கம்பி வைப்பாங்க, அது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வளைஞ்சு வளைஞ்சு ஒரே எடத்துல ஒடிஞ்சிடும். நான் சொல்றது பாலிகார்பனேட்ங்கற கெட்டி பிளாஸ்டிக் பட்டை. 3 மிமீ கனம், அடில 40 மிமீ அகலம், நுனிக்கு போகப்போக 12-15 மிமீன்னு வெட்டி எடுத்துக்கோங்க, அத படுக்கப் போடாம செங்குத்தா நிறுத்தி வைங்க. ஒரு ஸ்கேல எடுத்து பாத்தாலே தெரியும், தட்டையான பக்கம் சுலபமா வளையும், விளிம்பு பக்கம் வளையவே வளையாது. 40-க்கு 3-ன்னா ரெண்டு திசைக்கும் விறைப்புல நூத்தி எழுபது மடங்குக்கு மேல வித்தியாசம். அதாவது கீழ தொங்காது, ஆனா நீங்க இடுப்ப ஆட்டினா இடது வலது ஆடும், நீங்க கேட்டது அப்படியே அது தான். பட்டை முறுக்கிட்டு சாயாம இருக்க ஒவ்வொரு 6-7 செமீக்கும் ஒரு வட்டத் தட்டு கோக்கணும், 4 மிமீ பிளைவுட் போதும், நடுவுல பட்டை நுழையற அளவுக்கு காடி வெட்டிக்கோங்க. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல ஃபோம். நுனிப்பக்கம் ஒல்லியான எடத்துக்கு ஏசி காப்பர் பைப் மேல மாட்டற கருப்பு ரப்பர் ஃபோம் குழாய் இருக்கே, அது அளவு அளவா கிடைக்கும், சும்மா நுழைச்சா போதும். இதுக்கு மேல பழைய ஜீன்ஸ் துணில இறுக்கமா ஒரு உறை தச்சிடுங்க, உலோகம் ஃபோம நேரா தேய்ச்சா தூள் தூளா உதிரும்.

இதெல்லாம் முடிச்சு வெறும் முதுகெலும்போட, எடைக்கு மணல் பாக்கெட் கட்டி, வீட்டுக்குள்ள ஒரு நாள் முழுக்க போட்டுட்டு வேலை பாருங்க. வலிச்சா அப்பவே தெரிஞ்சிடும். அதுக்கப்புறம் செதிலுக்கு காசு போடுங்க.

---

தையல்பொட்டி எழுதியது:

அண்ணா அந்த பட்டைய செங்குத்தா வைக்கற விஷயம் எனக்கு சுத்தமா தோணவே இல்ல, ரொம்ப நன்றி. மணல் பாக்கெட் எவ்ளோ கட்டணும்னு தெரியணும்னா செதில் எடை தெரியணுமே, அலுமினியத்துக்கும் ஸ்டீலுக்கும் எவ்ளோ வித்தியாசம் வரும்? ஸ்டீல் தான் சத்தம் நல்லா இருக்கும்னு ஒருத்தர் சொன்னார். அப்புறம் வாலோட அடிப்பக்கம், வயிறு பக்கம், அங்கயும் சுத்தி செதில் போடணுமா?

---

வளையக்காரன்_ரொறொன்ரோ எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில. இஞ்ச கோடை காலத்தில மத்தியகாலச் சந்தை எண்டு நடக்கும், அதுக்குச் செயின்மெயிலும் ஸ்கேல்மெயிலும் செய்து விக்கிறன், வாலும் செய்து குடுத்திருக்கிறன். முன்னுக்குச் சொன்ன அண்ணை பெல்ட், முள்ளந்தண்டு பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, நான் பின்னல் பக்கம் மட்டும் கதைக்கிறன்.

முதல் உங்கட கடைசிக் கேள்வி. அடிப்பக்கத்தில செதில் போடாதேங்கோ. செதிலுக்கு ஒரு பக்கத்தில மட்டும்தான் ஓட்டை, மற்றப் பக்கம் சும்மா நிக்குது. மேல்பக்கத்தில அது ஓடு வேய்ஞ்ச கூரை மாதிரி ஒண்டுக்கு மேல ஒண்டு படுத்திருக்கும், கீழ்ப்பக்கத்தில அதே செதில் தன்ர பாரத்தில வாயத் திறந்துகொண்டு தொங்கும், துணியில கொளுவும், பக்கத்தில போற ஆக்களின்ர உடுப்பில கொளுவும். அதால மேலயும் ரெண்டு பக்கமும் மட்டும் செதில், வயிற்றுப் பக்கம் தோல் அல்லது ஃபோம் பட்டை, பாம்பின்ர வயிறு மாதிரிக் குறுக்குக் கோடு போட்டால் வடிவா இருக்கும், எடையும் மூண்டில ஒரு பங்கு குறையும். செதிலின்ர ரெண்டு கரையையும் வயிற்றுப் பக்கம் நாடா போட்டு இழுத்துக் கட்டுங்கோ. இறுக்கவும் ஏலும், கழட்டிக் கழுவவும் ஏலும்.

இன்னொரு சங்கதி, நுனியை மேல நோக்கி வளைக்கிற ஆசை இருந்தால் அந்தப் பகுதியில செதிலின்ர வாய் மேல பாக்கும், ஆடேக்க மயிர் சிலுத்த மாதிரி எழும்பி நிக்கும். கீழ சரிஞ்சு போற வாலுக்குத்தான் ஸ்கேல்மெயில் நல்லாப் படியும். எப்பவும் செதில் நுனிப் பக்கம் பாக்க வேணும்.

அளவு. பொதுவா விக்கிற செதில் ரெண்டு அளவில வரும். பெரிசு ஏறத்தாழ 22க்கு 38 மிமீ, சின்னது 14க்கு 22 மிமீ. பெரிசுக்கு 1.6 மிமீ கம்பியில 8 மிமீ உள்விட்ட வளையம், சின்னதுக்கு 1.2 மிமீ கம்பியில 5 மிமீ கிட்ட. உள்விட்டத்தைக் கம்பிக் கனத்தால பிரிச்சால் வாற எண்ணைப் பாருங்கோ, இது ரெண்டும் நாலுக்கும் அஞ்சுக்கும் இடையில நிக்குது. மூண்டுக்குப் போனால் வளையம் உள்ள நுழையாது, ஆறுக்கு மேல போனால் பின்னல் தொளதொள எண்டு ஆகி செதில் பிரளும். பின்னல் ஐரோப்பிய நாலுக்கொண்டுதான், ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் நாலு வளையம் போற பின்னல், நீங்கள் கைச்சங்கிலி செய்ததெண்டால் கை பழகியிருக்கும். செதில் ஒண்டுக்கு வளையம் ரெண்டு எண்டு வாங்குங்கோ, கொஞ்சம் கூடுதலாயே வாங்குங்கோ.

ஒல்லியாக்கிறது எப்பிடி எண்டு கேட்டீங்கள். முதல்ல 10க்கு 10 செமீ ஒரு மாதிரித் துண்டு பின்னுங்கோ, அதில அளந்து பாக்காமல் ஒண்டும் ஓடர் பண்ணாதேங்கோ. உதாரணத்துக்கு, ஒரு செதில் 2 செமீ அகலம் பிடிக்குது, ஒரு வரி 1 செமீ உயரம் பிடிக்குது எண்டு வையுங்கோ. அடியில சுற்றளவு 50 செமீ, அதில மேலும் பக்கமும் 34 செமீ எண்டால் 17 செதில். நுனியில 2 செதில். 90 வரியில 15 செதில் குறைக்க வேணும், அப்ப ஆறு வரிக்கு ஒருக்கால் ஒண்டு. வரிகள் அரைச் செதில் தள்ளித் தள்ளி வாறதால 17, 16, 17, 16 எண்டு மாறி மாறிக் கொஞ்சம் போய், பிறகு 16, 15, 16, 15 எண்டு இறங்கினால் ரெண்டு கரையும் ஒரே மாதிரி உள்ளுக்கு வரும். நடுவில ஒருநாளும் குறைக்காதேங்கோ, முதுகில வாற கோலம் குலைஞ்சு போகும்.

இந்த உதாரணத்தில செதில் 850 கிட்ட, வளையம் 1700 கிட்ட. 0.8 மிமீ அலுமினியத் தகட்டில பெரிய செதில் ஒண்டு 1.3 கிராம் அளவில வரும், வளையத்தோட சேர்த்து 1.6. மொத்தம் ஒண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதையே ஸ்ரீலில செய்தால் அலுமினியத்தின்ர மூண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, நாலு கிலோ கிட்ட. உள்ள இருக்கிற முள்ளந்தண்டு, ஃபோம் இன்னும் வேற. நாள் முழுக்க நிக்கிற ஆளுக்கு ஸ்ரீல் வேண்டாம் தங்கச்சி. சத்தம் வேணுமெண்டால் நுனியில கடைசி 15 செமீக்கு மட்டும் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் சின்னச் செதில் போடுங்கோ, அதிகமா ஆடிற இடமும் அதுதான், சத்தம் அங்கயிருந்துதான் வரும். ஆனால் நுனியில கூடுற ஒவ்வொரு கிராமும் தூரத்தில நிண்டு நெம்பும், அண்ணை போட்ட கணக்கை மறக்காதேங்கோ. ரைற்றேனியம் எண்டால் ரெண்டுக்கும் நடுவில, மின்சாரம் குடுத்து நிறம் எடுக்கலாம், சாயமே இல்லாமல் நீலமும் ஊதாவும் வரும், பாக்க அந்தமாதிரி இருக்கும், விலைதான் அந்தரம்.

வளையம் மூடுறது. இதில அவசரப்படக் கூடாது. ரெண்டு இடுக்கியாலயும் பிடிச்சு வாயை அகல விரிக்காதேங்கோ, ஒரு முனையை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் முறுக்கித் திறவுங்கோ, மூடேக்க சரியான இடத்தைக் கொஞ்சம் தாண்டிக் கொண்டுபோய்த் திரும்பி வர விடுங்கோ, கம்பிக்கு மீளுற குணம் இருக்கு. முனை ரெண்டும் முட்டிக் கொண்டு நிக்க வேணும், விரலால தடவினால் இடைவெளி தெரியக் கூடாது. வாலை ஆரும் பிடிச்சு இழுப்பினம், பிள்ளையள் கட்டாயம் இழுப்பினம், இடைவெளி விட்ட வளையம் ஒண்டு கழண்டால் அந்த இடத்தில ஒரு வரியே சரியும். ஒரே வளையத்தைத் திருப்பித் திருப்பித் திறந்து மூடினால் அலுமினியம் விறைச்சு முறியும், அதை எறிஞ்சுபோட்டுப் புதுசு போடுங்கோ.

செதில் வாங்கிற இடமெண்டால் இஞ்ச சஸ்கட்டூனில இருக்கிற ரிங் லோர்ட் கடைதான் இந்தத் தொழில் செய்யிற எல்லாருக்கும் தெரிஞ்சது, வெளிநாட்டுக்கும் அனுப்புவினம். ஆனால் இந்தியாவுக்கு எடுத்தால் தபால், சுங்கம் எல்லாம் சேரும். உள்ளூரில செய்விக்க ஏலுமோ எண்டு ஆரும் இந்தியாவில இருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ.

---

பிரஸ்ஷாப்_கோவை எழுதியது:

நான் சொல்றனுங்க. காஸ்ப்ளே எல்லாம் எனக்கு புதுசு, பையன் காட்டினதால தான் இந்த பக்கம் வந்தேன், ஆனா தகடு கம்பி சமாச்சாரம்னா அதுல தான் பொழப்பு.

கம்பிக்கு நீங்க எங்கயும் போக வேண்டாங்க. வெல்டிங் கடைக்கு போயி அலுமினியம் மிக் வெல்டிங் ஒயர் கேளுங்க, ஈஆர் 5356னு சொல்லிக் கேளுங்க. மெக்னீசியம் கலந்த அலாய், நல்ல விறைப்பு, துரு கிடையாது. வெளிநாட்டுல அலுமினிய வளையம் விக்கறவங்களும் இந்த 5356ல தான் நெறைய பண்றாங்க. 1.2 மிமீயும் 1.6 மிமீயும் அதுல வழக்கமான அளவு, கனடா அண்ணன் சொன்ன ரெண்டு அளவும் அப்படியே இருக்குதுங்க. பெரிய ரோல் 7 கிலோ வரும், அது வேண்டாம், சின்னதா அரை கிலோ ரோல் இருக்கு. 8 மிமீ வளையம் ஒண்ணுக்கு கம்பி 3 செமீ போகும், 1700 வளையத்துக்கு 51 மீட்டர், அரை கிலோ ரோல்ல 1.6 மிமீ 90 மீட்டர் இருக்கும். ஒரு ரோல் தாராளம். மெட்ராஸ்ல செம்புதாஸ் தெரு பக்கம் விசாரிச்சு பாருங்க, இல்லைன்னா அம்பத்தூர் எஸ்டேட் சுத்தி வெல்டிங் கடை நெறைய இருக்குது. 4043ன்னு இன்னொரு ஒயர் குடுப்பாங்க, அது வேண்டாங்க, மெத்துனு இருக்கும், ஆனோடைஸ் (தொட்டில மின்சாரம் விட்டு மேல கெட்டியான படலம் ஏத்தறது) பண்ணினா கறுத்துப் போகும்.

சுத்தறதுக்கு 8 மிமீ ராடு எடுக்காதீங்க, கம்பி திரும்பி விரியும், 7.5 கிட்ட ஒரு ராடு எடுத்து நாலு சுத்து சுத்தி அளந்து பாருங்க. சுருள கட்டிங் பிளேயர்ல வெட்டினா முனை கத்தி மாதிரி கூரா நிக்கும், மூடினாலும் முட்டாது. நகை செய்யற ஆளுக வச்சிருக்கற மெல்லிசு வாள் பிளேடுல அறுங்க, முனை சமமா வரும். கண்ணுக்கு கண்ணாடி கட்டாயம் போட்டுக்கங்க, அறுத்த துண்டு தெறிக்கும்.

இப்ப செதிலு. பிரஸ் டூல், அதாவது அச்சு போட்டு அடிக்கலாம், ஆனா ஒரே ஒரு வாலுக்கு டூல் செலவு கட்டாதுங்க, நாலஞ்சு பேர் சேர்ந்து பல ஆயிரம் அடிச்சா தான் கணக்கு வரும். ஒருத்தருக்குன்னா லேசர் கட்டிங் தான். 0.8 மிமீ தகடு, கிரேடு 5052 எடுங்க, வெறும் 1100 ரொம்ப மெது, உக்காந்தா மடங்கிடும். ஃபைபர் லேசர் இருக்கற எடமா பாருங்க, அக்ரிலிக் மரம் வெட்டற சின்ன மெஷின் அலுமினியத்த வெட்டாது, ஒளிய திருப்பி அடிச்சிடும். ஓட்டை 8 மிமீ கிட்ட குடுங்க, ஒரே ஓட்டைல நாலு கம்பி போகணும். ஓட்டைக்கும் விளிம்புக்கும் நடுவுல 3 மிமீயாவது தகடு நிக்கோணும், இல்லைன்னா கிழியும்.

வெட்டி வர்றது தட்டையா இருக்கும், அத அப்படியே கோத்தா ஒண்ணு மேல ஒண்ணு படியாது. கெட்டி ரப்பர் மேல வச்சு உருண்டை முனை பஞ்ச்ல ஒரு தட்டு தட்டுங்க, கொஞ்சம் குழிஞ்சு வரும், அது போதும். நடுவுல நீளவாக்குல ஒரு கோடு அமுத்தினா இலை நரம்பு மாதிரியும் இருக்கும் விறைப்பும் கூடும். விளிம்புல பிசிறு இருக்கும், அது தான் கைய கிழிக்கறது, டம்ப்ளிங் மெஷின் வச்சிருக்கற பட்டறைல ஒரு கிலோ ரெண்டு கிலோன்னு போட்டு உருட்டி வாங்கிக்கங்க, விளிம்பு மழுங்கி பளபளன்னு வந்துரும்.

கலருக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்காதீங்க, செதில் ஒண்ணோட ஒண்ணு தேய்ச்சுக்கிட்டே இருக்கற பொருள், உரிஞ்சு போகும். ஆனோடைஸிங் பட்டறைல குடுங்க, கோக்கறதுக்கு முன்னாடியே குடுக்கணும். அவங்க அலுமினியக் கம்பியில தான் கட்டி தொட்டில விடுவாங்க, ஸ்டீல் எதுவும் கூட போகக் கூடாது. ஒரே கலர் எல்லாத்தையும் ஒரே தடவைல முக்கச் சொல்லுங்க, அடுத்த தொட்டிக்கு ஷேடு மாறும். முதுகு நடு வரிசை ஒரு கலர், பக்கம் வேற கலர்னா எண்ணிக்கைய முன்னாடியே பிரிச்சுக்கோங்க, உடையறதுக்கு நூத்துக்கு பத்து கூட வச்சுக்கங்க. ஆனோடைஸ் பண்ணாத வெறும் அலுமினியம்னா துணிலயும் கைலயும் கருப்பா ஒட்டும், பாத்திரம் கழுவற சோப்புல கழுவி நல்லா காய வச்சா குறையும், சுத்தமா போகாது.

---

அழுங்கு_தேடி எழுதியது:

எனக்கு கம்பி பின்ன தெரியாது, ஆனா டிசைனுக்கு ஒரு விஷயம் சொல்லணும். டிராகனுக்கு பல்லி, முதலை தான் எல்லாரும் பாக்கறாங்க, ஸ்கேல்மெயில் வாலுக்கு சரியான மாடல் நம்ம அழுங்கு தான். எறும்புத்தின்னின்னும் சொல்வாங்க, தமிழ்நாட்டு காடுகள்ல இருக்கற இந்திய அழுங்கு. அதோட அறிவியல் பேரே தடிச்ச வால்னு அர்த்தம் வர்ற மாதிரி தான் வச்சிருக்காங்க, உடம்புக்கும் வாலுக்கும் நடுவுல இடுப்பு ஒடுங்காம அப்படியே தொடர்ந்து போகும். போட்டோல வால உத்து பாருங்க, நடு வரிசை நேரா ஒரு கோடா நுனி வரைக்கும் போகும், பக்கத்து விளிம்புல இருக்கற செதில் மட்டும் கூரா வெளிய நீட்டிட்டு இருக்கும். நீங்க கரைல வர்ற செதில மட்டும் கூர்முனையா வெட்டினா அந்த வடிவம் வந்துரும், மேல இருக்கறதெல்லாம் மழுங்கலாவே இருக்கட்டும், யார் மேலயும் குத்தாது.

அழுங்கு செதில்லயே செஞ்ச ஒரு கவச அங்கி இந்தியாவுலேர்ந்து போயி இப்போ இங்கிலாந்துல லீட்ஸ் ராயல் ஆர்மரீஸ்ல இருக்கு, மூணாம் ஜார்ஜ் மன்னருக்கு 1820-ல குடுத்தது. தங்கப்பூ வேலையோட இருக்கும், கலர் யோசனைக்கு ரொம்ப நல்ல ரெஃபரன்ஸ். நிஜ அழுங்கு செதில்னு யாராவது விக்க வந்தா மட்டும் கிட்ட சேக்காதீங்க, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி முதல் அட்டவணைல இருக்கற உயிர், வேட்டையாடியே அழிச்சிட்டு இருக்காங்க. மனசு ரொம்ப வலிக்கற விஷயம் அது.

---

தையல்பொட்டி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா வரும்னு நினைக்கவே இல்ல. இப்போதைக்கு முடிவு பண்ணது: அலுமினியம், 5356 கம்பி, வயித்துப் பக்கம் தோல், பக்கவாட்டு கரைல மட்டும் அழுங்கு மாதிரி கூர்ச் செதில், முதுகு நடுவுல கரும்பச்சை, பக்கத்துல தங்கம். நுனி ஸ்டெயின்லெஸ் பத்தி இன்னும் யோசிக்கணும். முதல்ல பாலிகார்பனேட் பட்டை, பெல்ட், ரெண்டு கிலோ மணல்.

ரெண்டே ரெண்டு சந்தேகம். உக்கார்றது எப்படி? மெட்ரோல போய் இறங்கணும், ஹால்ல வரிசைல நிக்கணும், நடுவுல எங்கயாவது உக்காந்து தான் ஆகணும். அப்புறம் எனக்கு கவரிங் நகை போட்டா கழுத்துல அரிப்பு வரும், இதுல அந்த மாதிரி ஏதும் வருமா?

---

அட்டைக்கவசம் எழுதியது:

போட்டுட்டு உக்காரவே கூடாது, பட்டை விளிம்புல முழு எடையும் இறங்கி உடையும். கழட்டற மாதிரி செய்யுங்க. முதுகுத் தகட்டுல ஒரு சதுரக் குழாய் நிறுத்தி பொருத்திடுங்க, வாலோட அடில அதுக்குள்ள நுழையற இன்னொரு சதுரக் குழாய், ரெண்டுக்கும் குறுக்க ஒரு பின். வட்டக் குழாய்னா வால் சுத்திக்கும், அதனால சதுரம். பின்ன உருவினா வால் தனியா கைல வந்துரும், பெல்ட் இடுப்புலயே இருக்கும். பின்ன ஒரு நூல்ல கட்டி பெல்ட்லயே தொங்க விடுங்க, கூட்டத்துல கீழ விழுந்தா கிடைக்காது. மெட்ரோவுக்கு வால சுருட்டாம நீளமா ஒரு துணிப்பைல போட்டு எடுத்துட்டு போங்க, ஸ்கேனர்ல உலோகமா தெரியும், திறந்து காட்டச் சொல்வாங்க, கொஞ்சம் முன்னாடியே கிளம்புங்க. கான்ல ப்ராப் விதிகள டிக்கெட் எடுக்கறப்பவே படிச்சிடுங்க, உலோக ஆயுதத்துக்கு பொதுவா எங்கயும் அனுமதி இல்ல, வால் ஆயுதம் இல்ல தான், ஆனா கூர்முனை இருந்தா வாசல்ல கேள்வி வரும். அந்த கரைச் செதில் முனைய அரத்துல உருட்டி விடுங்க.

நுனி தரையத் தொடாம ஒரு சாண் மேல நிக்கட்டும். தொட்டா செதில் தேயும், பின்னாடி வர்றவங்க மிதிச்சா உங்கள மல்லாக்க சாய்ச்சிடும்.

---

வளையக்காரன்_ரொறொன்ரோ எழுதியது:

அரிப்புக்குப் பெரும்பாலும் நிக்கல்தான் காரணம். அலுமினியத்தில பயமில்லை, ஆனால் நகைக் கடையில வாங்கிற மலிவு முலாம் வளையம் ஒண்டும் கலக்காதேங்கோ, அதுக்குள்ள நிக்கல் இருக்கும். ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலிலயும் நிக்கல் இருக்கு, லேசில வெளிய வராது, ஆனாலும் உங்களுக்கு ஒவ்வாமை எண்டால் தோலில படாமல் வையுங்கோ, நுனியில தானே, பிரச்சினை வராது. அலுமினியமும் ஸ்ரீலும் முட்டிற இடத்தில வியர்வை, கடற்காத்து ஈரம் பட்டால் அலுமினியம் அரிபடத் தொடங்கும், சென்னை எண்டபடியால் சொல்லுறன். போட்டுக் கழட்டின உடன நல்ல தண்ணியில அலசி ஃபானுக்குக் கீழ காயவிட்டு, பிறகு பையில வையுங்கோ.

மாதிரித் துண்டு பின்னி முடிச்ச உடன அதின்ர எடையையும் வரி உயரத்தையும் இஞ்ச போடுங்கோ, வரிக்கு வரி எத்தினை செதில் எண்டு கணக்குப் போட்டுத் தாறன்.